கைக்குழந்தையோடு ஃபிஜிக்குப் போனதும், சேலத்துக்குத் திரும்பி வந்ததும்

போன வாரம் ஆத்தூர்ப் பக்கமிருந்து தெரிந்த பெண் ஒருத்தி போன் செய்தாள். கணவருக்கு ஃபிஜியில் வேலை அமைந்திருக்கிறது. மூத்தது நான்கு வயது, சின்னது இன்னும் தவழ்கிறது. "கூட்டிட்டுப் போலாமாக்கா, இல்ல அம்மா வீட்டுலயே இருந்துக்கட்டுமா?" என்று கேட்டாள். கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போ என்றேன். ஒரு மணி நேரம் பேசினோம். வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது. அவளைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் 2017 ஜனவரியில் ஃபிஜியின் தலைநகரான சுவாவுக்குப் போனோம். கணவருக்கு அங்கே ஆசிரியர் வேலை. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்குப் பத்து மாதம். அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அதைக் கணக்குப் பண்ணித்தான் கிளம்பும் தேதியை வைத்தோம். 2019 மே மாதம் சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்குத் திரும்பி வந்தோம்.

கிளம்புவது உறுதியானதும் எல்லோரும் பெட்டி வாங்கத்தான் ஓடுகிறார்கள். பெட்டி பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். எங்கள் மகனின் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த உடனே பதிந்தது, அப்போது பெயர் வைக்கவில்லை. பிறந்து ஒரு வருடத்துக்குள் என்றால் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது, சுலபமாக முடிந்தது. மகளுடையதில்தான் மாட்டிக்கொண்டோம். என் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதல். என் பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து இல்லை. அந்த ஒற்றை எழுத்துக்காக ஐந்து வாரம் அலைந்தேன், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

பாஸ்போர்ட்டுக்கு அப்போது கோயம்புத்தூர் போய் வந்தோம். இப்போது சேலத்தில் தபால் ஆபீசிலேயே சேவை மையம் வந்துவிட்டது. நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் போட்டோ நாமே எடுத்துக்கொண்டு போக வேண்டும். தாய் தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேண்டும். சின்னக் குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், அதனால் வேலை ஒப்பந்தம் எத்தனை வருடம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

குடும்பப் பெயர் என்ற கட்டம் வரும்போது நிதானமாக யோசியுங்கள். நமக்கு இனிஷியல்தான் வழக்கம், குடும்பப் பெயர் கிடையாது. நாங்கள் அப்பாவின் பெயரை அதில் போட்டோம். அது தப்பில்லை. ஆனால் சுவாவில் வகுப்புப் பட்டியலில் குடும்பப் பெயர்தான் முதலில் வந்தது. முதல் நாள் ஆசிரியை என் கணவர் பெயரைச் சொல்லி மகளைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் வந்து, "அப்பாவையே கூப்பிட்டாங்கம்மா, அப்பா வரவே இல்ல" என்று சொல்லி அழுதாள். மறுநாள் நான் போய் எந்தப் பெயர் அவளுடையது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் திருத்தமாட்டார்கள், ஆனால் கூப்பிடுவதை மாற்றிக்கொண்டார்கள்.

சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை வேண்டும், அதாவது வெளிநாட்டில் காட்ட இவை அசல்தான் என்று நம் அரசு தரும் சான்று. முதலில் மாநில அரசின் சான்று, அதற்குமேல் வெளியுறவு அமைச்சகத்தின் ஒட்டுவில்லை. எங்களுடைய கல்யாணப் பதிவுச் சான்றிதழுக்கும் சேர்த்தே செய்து வைத்தோம். கணவருக்கு வேலை அனுமதி, எனக்கும் பிள்ளைகளுக்கும் சார்ந்தோர் அனுமதி. சார்ந்தோர் அனுமதியில் நான் வேலைக்குப் போக முடியாது. பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. உங்கள் வீட்டில் இதைக் கிளம்புவதற்கு முன்பே வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

தடுப்பூசி அட்டையை ஒரு நகல், ஆங்கிலத்தில் ஒரு பிரதி என்று குழந்தை டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன். அது பெரிய உதவியாக இருந்தது. சுவா சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸ் அட்டையை வரி வரியாகப் பார்த்துவிட்டு, நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி எங்கே என்றார். ஃபிஜியில் அதுவும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் 2012இலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிட்டன. நம் அரசு அட்டவணையில் அப்போது நியூமோகாக்கல் இல்லை. அங்கேயே போட்டுவிட்டார்கள்.

சென்னை, சிங்கப்பூர், அங்கிருந்து பத்து மணி நேரம் பறந்து ஃபிஜியின் விமான நிலையம் இருக்கும் நாடி நகரம். நாடியிலிருந்து சுவாவுக்குக் கடற்கரை ஓரமாகவே நான்கு மணி நேரக் கார்ப் பயணம். என் அம்மா கீரை விதையை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்திருந்தார், கூடவே வீட்டில் உருக்கிய நெய். விமானத்தில் கொடுக்கும் படிவத்தில் இரண்டையும் எழுதினேன். நாடியில் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், அபராதம் எதுவும் இல்லை. தீவு நாடு, வெளியிலிருந்து ஒரு பூச்சி வந்தால் அவர்கள் பயிர் போய்விடும். மறைத்துக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சுவாவில் மழை நம் ஊரைப் போல மூன்று மடங்கு. சேலத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த ஈரம் பழக ஆறு மாதம் ஆனது. பெல்ட், செருப்பு, என் கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பு எல்லாவற்றிலும் பூஞ்சணம். அதைவிடப் பிள்ளைகளின் தோல்தான் கவலை. கொசு கடித்த இடத்தைச் சொறிந்தால் மறுநாளே சீழ் வைத்துக் கொப்புளமாகிவிடும். மகன் காலில் ஒரே சமயத்தில் ஏழு இருந்தன. நகத்தை ஒட்ட வெட்டுவது, கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவி மூடுவது, சாயங்காலம் ஆனால் முழுக்கால் சட்டை போட்டுவிடுவது என்று அந்த ஊர் அம்மாக்கள் சொல்லிக் கொடுத்த பிறகுதான் அடங்கியது. மலேரியா அங்கே இல்லை. டெங்கு உண்டு.

சாப்பாட்டைப் பற்றி நான் பயந்த அளவுக்கு ஒன்றுமே இல்லை. சுவா சந்தையில் சேப்பங்கிழங்கு தேங்காய் அளவில் கிடக்கும், அதற்கு டாலோ என்று பெயர். அதன் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். கறிவேப்பிலை, முருங்கை, கத்தரி எல்லாம் குவியல் குவியலாக விற்கும். நம் ஊரில் ஜவ்வரிசி ஆலைக்கு லாரியில் போகிற மரவள்ளிக்கிழங்கு அங்கே அன்றாடச் சாப்பாடு, பெயர் தவியோகா. மகனுக்கு முதல் கெட்டி உணவே அதுதான். திரும்பி வந்த பிறகு ஒருநாள் ஆத்தூர் ரோட்டில் கிழங்கு லாரியைப் பார்த்துவிட்டு, "தவியோகா! தவியோகா!" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினான்.

புயல் பயமும் உண்டு. நாங்கள் போவதற்கு முந்தைய வருடம், 2016 பிப்ரவரி 20 அன்று, வின்ஸ்டன் புயல் அடித்து 44 பேர் இறந்திருந்தார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கே வந்து நிற்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாளியில் தண்ணீர், டார்ச், மெழுகுவர்த்தி, குழந்தைக்கு மூன்று நாள் பால் பவுடர் எப்போதும் தயாராக இருக்கும். 2018 ஏப்ரலில் ஜோசி, கெனி என்று பத்து நாளுக்குள் இரண்டு புயல்கள். சுவாவில் எங்களுக்குச் சேதமில்லை. ஆனால் அந்த இரவுகளில் நான் தூங்கவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

அங்கே வெளிநாட்டுக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வாழ்கின்றன. பிள்ளைகள் பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை கடற்கரை எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். நல்ல மனிதர்கள், குறையில்லை. ஆனால் எங்களைத் தாங்கியவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அறுபது வயதைத் தாண்டிய ஃபிஜி இந்தியர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் வழி. அந்த ஒப்பந்தத்தை அங்கே கிர்மித் என்கிறார்கள். அவர் பேசுவது ஃபிஜி இந்தி. முகம் மட்டும் எங்கள் ஓமலூர்ப் பெரியம்மா முகம்.

ஆடி மாதத்தில் அவர் எங்களைச் சுவா மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் கூட்டிப்போனார். மஞ்சள் துணி, வேப்பிலை, பம்பைச் சத்தம். சேலம் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டார்களா, குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை ஊர்வலம் என்றைக்கு என்று அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, நின்ற இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது. அதற்கு முந்தைய வாரம்தான் ஆன்ட்டி ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மாரியம்மன் பாட்டுகள், எல்லாம் ஆங்கில எழுத்தில். ராகம் தப்பாமல் பாடினார். பாடிவிட்டு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வேப்பிலைக்காரி. நான் வாயைத் திறப்பதற்குள் மகள், "நீம் லீஃப் லேடி, ஆன்ட்டி!" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அன்று இரவு அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆன்ட்டியின் பாட்டி தமிழ் பேசினாராம். அம்மாவுக்குக் கேட்டால் புரியுமாம். ஆன்ட்டிக்குப் பாட்டு மட்டும் இருக்கிறது. அவர் பிள்ளைகள் கைகூப்பி நிற்பதோடு சரி. அவர்கள் வேண்டுமென்று விட்டதில்லை, தோட்டத்தில் உயிர் பிழைப்பதே பாடாக இருந்திருக்கும். 1926லேயே தென்னிந்தியர்கள் சேர்ந்து சங்கம் வைத்துப் பள்ளிகள் நடத்தியும் இவ்வளவுதான் மிஞ்சியது. எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை, நானே ஆசிரியை, வீட்டில்தான் இருக்கிறேன். என் மகளுக்கு 'அ' எழுதத் தெரியாது.

மறுநாள் தொடங்கினேன். 2018இல் ஒன்றாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்திருந்தது. அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைத்தது, அச்செடுத்துக்கொண்டேன். ஃபிஜி நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால். அங்கே சாயங்காலம் ஆறு என்றால் சேலத்தில் காலை பதினொன்றரை, அம்மா மதியச் சமையலுக்குக் காய் நறுக்குகிற நேரம். தினமும் அப்போது வீடியோவில் அம்மாயிக்கு ஒரு பக்கம் படித்துக் காட்ட வேண்டும். அம்மா வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே, "அது ல இல்ல சாமி, ள" என்று திருத்துவார். தினமும் நடந்தது என்று சொல்லமாட்டேன். காய்ச்சல், பள்ளி விழா, என் சோர்வு என்று வாரக்கணக்கில் விட்டும் போனது. முதல் நாளிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். ஆத்தூர்ப் பெண்ணிடம் இரண்டு தடவை சொன்னது இதைத்தான்.

திரும்பும்போது அங்கிருந்த பள்ளியில் விலகல் கடிதம் கேட்டு வாங்கினேன். பிறந்த தேதி, படித்த வகுப்பு, பாடமொழி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெயர் பிறப்புச் சான்றிதழில் உள்ள வரிசையிலேயே இருக்கட்டும் என்று உட்கார்ந்து எழுதி வாங்கினேன். முதலில் கொடுத்த கடிதத்தில் மறுபடியும் அப்பா பெயர்தான் முன்னால் நின்றது.

அங்கே இரண்டாம் வகுப்பில் ஒரு பருவம் முடித்திருந்தாள். சேலத்தில் நாங்கள் கேட்ட பள்ளியில் ஆங்கிலம், கணக்கு இரண்டும் சரி என்றார்கள். தமிழில் சொல்வதை எழுதச் சொன்னபோது பத்துக்கு மூன்றுதான் சரி. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயம், அதனால் ஒன்றாம் வகுப்பிலேயே உட்காரட்டும் என்றார்கள். ஏழரை வயதுப் பிள்ளையை எப்படி உட்காரவைப்பது? அங்கே படித்த நோட்டு, அச்செடுத்த பாடநூல் எல்லாவற்றையும் மேசையில் விரித்து வைத்துக் கேட்டேன். காலாண்டுத் தேர்வு வரை பார்ப்போம் என்று இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நான்கு மாதம் டவுன் பஸ்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். ஸ்டாப்பில் நின்றுகொண்டு வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும் படிக்க வேண்டும். ஐந்து ரோடு, குகை எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. கொண்டலாம்பட்டியில் இரண்டு வாரம் நின்றாள். அவள் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும், அடுத்ததுக்கு நிற்போம்.

காலாண்டில் தமிழில் 58 வாங்கினாள். அந்த விடுமுறையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனோம். கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் இருந்த மகள் போர்டைப் பார்த்து மெதுவாக, எழுத்துக் கூட்டி, "கொண்டை ஊசி வளைவு" என்று படித்தாள். படித்துவிட்டு, "அப்படின்னா என்ன அம்மாயி?" என்றாள்.

அம்மா தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தார். எட்டாவது வளைவு வரைக்கும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் தம்பியிடம் கொடுத்து, அதன் வளைவில் விரலை வைத்துக் காட்டி, பஸ் இப்போது இந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள்.