சறுக்கிவிட்டால் ஓ.பி. வரிசையில் நிற்காதீர்கள்

14 மாதம் குடிக்காமல் இருந்தேன். பிறகு 11 நாள் குடித்தேன். நிறுத்தி இன்றோடு 47 நாள். முதல் முறை நிறுத்துவதற்கு வழி சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. சறுக்கியவன் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த இரண்டு நாள் நானும் என் மனைவியும் பட்ட பாட்டை இன்னொரு குடும்பம் படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக் கோயம்பேட்டில் இறக்கும் லோடு வண்டி ஓட்டுகிறேன். காரிமங்கலத்தில் பங்காளி வீட்டுக் காரியம். முந்தின இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, தூக்கமும் இல்லாமல் வயிற்றுக்கும் இல்லாமல் நேரே அங்கே போய் இறங்கினேன். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எது வந்தாலும் உஷாராக இரு என்று, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் எங்கள் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் வாராவாரம் சொல்வார்கள். அன்று எனக்கு இரண்டு இருந்தன. மாமா முறை ஒருவர், “ஒரு கட்டிங்தான் மாப்பிள்ளை, உடம்பு வலி போய்விடும்” என்று டம்ளரை நீட்டினார். வாங்கிவிட்டேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை இரண்டு மாதம் முன்பே நான் நிறுத்திவிட்டிருந்தேன். டாக்டரைக் கேட்கவில்லை. மனைவி கையில் கொடுப்பாள், நான் நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்து செம்பருத்திச் செடி அடியில் துப்புவேன். இனி எனக்கு எதற்கு மாத்திரை என்ற நினைப்பு. அந்த நினைப்பு வந்த நாளிலேயே கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும்.

காரியத்துக்கு மறுநாள் வீட்டில் உண்மையைச் சொல்லியிருந்தால்கூட ஒரு நாளோடு போயிருக்கும். வெட்கம் விடவில்லை. பகல் 12 மணிக்குக் கடை திறக்கும்வரை வண்டிக்குள் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருப்பேன். மருத்துவமனை நோட்டு கண்ணில் படக் கூடாது என்று அதை எடுத்து சீட்டுக்கு அடியில் தள்ளினேன். 11 நாள் இப்படியே போயிற்று.

ஞாயிறு இரவு கடைசி. திங்கள் காலை மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். இனிமேல் தொட மாட்டேன், ஆஸ்பத்திரியும் வேண்டாம், வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். இதைவிடப் பெரிய தவறு இல்லை. தினமும் குடித்துக்கொண்டிருந்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்திலிருந்தே நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கு அடுத்த இரண்டு நாளில் புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். முதல் முறை சேர்ந்தபோதே இதையெல்லாம் டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்தும் வைராக்கியம் பேசினேன்.

திங்கள் மாலையே கை ஆடத் தொடங்கிவிட்டது. செவ்வாய் காலை மனைவி என்னை பஸ்ஸில் ஏற்றி ஒரு தாலுகா மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் அங்கே குறிப்பிட்ட கிழமைகளில் மட்டுமே வருவார். செவ்வாய் அதில் இல்லை. “வியாழக்கிழமை வாருங்கள்.” ஒரு போன் செய்து கேட்டிருந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஒரு பெரிய மருத்துவமனை. எது என்று எழுதப் போவதில்லை. வரிசையில் ஒரு மணி நேரம். கவுன்டரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “பழைய நோட்டு எங்கே?” கொண்டுவரவில்லை என்றேன். எந்த வருடம் சேர்ந்தேன், என்ன நம்பர் என்றார். எனக்கு என் வீட்டு விலாசமே தடுமாறுகிறது. நோட்டு இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, “குணமாக்கி அனுப்பினால் மறுபடியும் குடித்துவிட்டு வந்து நிற்கிறீர்கள்” என்றார். என் மனைவி தலை குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. சர்க்கரை ஏறி வந்தவரிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா? புதிய சீட்டுப் போட்டே பார்த்திருக்கலாம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஓ.பி. நேரமும் முடிந்தது. வீட்டுக்குத் திரும்பினோம்.

அன்று மாலை உறவினர் ஒருவர் தனியார் மறுவாழ்வு இல்லம் ஒன்றின் எண்ணைக் கொடுத்தார். வண்டி அனுப்பி வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போகிறோம், மூன்று மாதம் பார்க்க வரக் கூடாது, பணம் முன்கூட்டியே வேண்டும் என்றார்கள். டாக்டர் யார், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று மனைவி கேட்டாள். போனை வைத்துவிட்டார்கள். இந்த இரண்டு கேள்வியையும் கேட்காமல் எந்த இல்லத்திலும் யாரையும் சேர்க்காதீர்கள்.

இரவு சுவரில் எறும்பு ஊர்ந்தது. சாரை சாரையாக, சுண்ணாம்பு தெரியாத அளவுக்கு. துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினேன். எறும்பே இல்லை என்று மகன் அழுதான். மனைவி அரசு மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்தாள். தமிழிலேயே பேசினார்கள். விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே 108ஐக் கூப்பிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள் என்றார்கள்.

நான் எழுத வந்ததே இதைத்தான். நடுக்கம், வியர்வை, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு, இதில் எது வந்தாலும் ஓ.பி. வரிசை உங்களுக்கு உரியது அல்ல. இரவோ பகலோ அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே யாரும் எங்களிடம் நோட்டுக் கேட்கவில்லை. முதல் வேலையாகத் தயமின் என்ற வைட்டமின் ஊசி போட்டார்கள். அதைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று சிஸ்டர் மனைவிக்கு விளக்கினார். சொந்த விருப்பத்தில் சேர்கிறேன் என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனா தாளைத் தொடும் முன்பே துள்ளியது. சிஸ்டர் தாளை அட்டையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “மெதுவாகப் போடுங்கள் அண்ணா, அவசரமில்லை” என்றார். இரண்டு எழுத்து கோட்டுக்கு மேலே, மூன்று எழுத்து கீழே.

ஒன்பது நாள் உள்ளே இருந்தேன். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்து அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள், நடுக்கம் நின்றது. மூன்றாம் நாள் மனநல டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஏன் குடித்தாய் என்பார் என்று எதிர்பார்த்தேன். “14 மாதம் எப்படிக் குடிக்காமல் இருந்தீர்கள்? அதைச் சொல்லுங்கள்” என்றார். கூட்டம், விடியற்காலை டீக்கடையைத் தவிர்த்து வேறு தெருவில் போனது, சம்பளத்தை அப்படியே மனைவியிடம் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் புதிய நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த 14 மாதம் வீணாகப் போய்விட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம்பாரில் கலந்து கொடுக்கும் பொடி இருக்கிறது, அவனுக்குத் தெரியாமல் போட்டுவிடு என்று என் மாமியாரிடம் அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பொடியில் டைசல்ஃபிராம் இருக்கலாம். டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அந்த வேகம் இருக்கும். ஈரல் பரிசோதனை முடிந்து, என்னைக் கேட்டு, நான் சரி என்ற பிறகுதான் டாக்டர் அதை மறுபடி தொடங்கினார். இருமல் டானிக் வாங்கினாலும் இப்போது ஆல்கஹால் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்குகிறேன்.

வெளியே வந்த முதல் ஞாயிறு கூட்டத்துக்குப் போனேன். 1935இல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் மனம் விட்டுப் பேசியதில் தொடங்கிய இயக்கம் அது. எனக்கோ வாசலில் செருப்பைக் கழற்றவே கால் வரவில்லை. எழுந்து நின்று 11 நாள் கதையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. மூத்தவர் ஒருவர் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.

இப்போது காலையில் மாத்திரையை மனைவி முன் தண்ணீரோடு விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறேன். அவள் கேட்டதில்லை, நானே காட்டுகிறேன். கோயம்பேடு இரவு லோடை மூன்று மாதத்துக்கு வேறு டிரைவரிடம் விட்டிருக்கிறேன். சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்த பழைய நோட்டில் தக்காளிச் சாறு ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. மகன் அதை ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காய வைத்தான். புதியதும் பழையதும் ஒரே பிளாஸ்டிக் கவரில் நாள்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன. அடுத்த ஓ.பி. வியாழக்கிழமை.