அப்ப நெஞ்சிலதான் எண்டுறியளோ?

“அப்ப நெஞ்சிலதான் எண்டுறியளோ, மிஸ்ஸி?”

யாழ்ப்பாணத்தில் வங்கிக் காவலாளிகளுக்குத் தாதியான நான் எடுத்த முதலுதவி வகுப்பில் வந்த கேள்வி இது. அந்த ஐயா கேலிக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதைத் தான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று உறுதிப்படுத்தத்தான் கேட்டார். அதுதான் வில்லங்கமாய்ப் போனது. அவர் சரியாகத்தான் விளங்கியிருந்தார்.

அதற்கு ஐந்து நிமிடம் முதல் அவர் கேட்டது வேறு. “கள்ளன் வாளோட வந்தா, காலில ஒண்டு வைச்சா ஆள் சாகமாட்டான்தானே?” இருந்தவர்களில் அரைவாசிப் பேர் தலையாட்டினார்கள். நல்ல மனசோடு கேட்ட கேள்விதான். கொல்லாமல் மறிக்க வழி தேடுகிற மனிதர். நான் “சாவான்” என்றேன். பிறகு விளக்கினேன். விளக்கியதில் ஒரு சொல்லும் பிழையில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

தொடையின் உட்பக்கமாகத் தொடை நாடி இறங்குகிறது. கவட்டடியில் அது ஏறக்குறைய சின்னவிரல் மொத்தம். அது முழுதாக அறுந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் உயிர் போகலாம். வளர்ந்த ஆளின் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தம். இரண்டு லீற்றருக்கு மேல் போனால் ஆள் தடுமாறிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். முழங்காலுக்குப் பின்னால் அதே நாடி எலும்போடு ஒட்டி ஓடுகிறது. அங்கே பட்டால் உயிர் தப்பினாலும், ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்தவோட்டத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கால் தப்புவது அரிது. இடுப்புக்குக் கீழே பட்டால் “சின்னக் காயம்” என்ற எண்ணத்துக்குச் சத்திரசிகிச்சை விடுதியில் இடமேயில்லை.

காவலாளிகளிடம் இருப்பது பெரும்பாலும் 12 போர் சொட்கன், ஒரு தோட்டாவிலிருந்து பல சன்னங்கள் போகிற துவக்கு. “அது விரிஞ்சுதானே போகும், குறி பாக்கத் தேவையில்லை” என்று பின்வரிசையில் ஒரு தம்பி சொன்னார். அதையும் திருத்தினேன். வாய் ஒடுங்காத நேர்க்குழலில் பெரிய சன்னங்கள் ஒரு யாருக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் என்ற கணக்கில்தான் விரியும். வங்கி வாசலுக்கும் காசாளர் மேசைக்கும் இடையில் நாலு மீற்றர் என்றால், விரிவு ஓர் உள்ளங்கை அகலம். இன்னும் கிட்ட வந்தால் சன்னங்கள் பிரியவே நேரமில்லை. ஒரே கட்டியாகப் புகும். தோட்டாவுக்குள் சன்னத்தையும் மருந்தையும் பிரிக்கிற அடைப்பானும், வெடி பட்டவர் போட்டிருந்த சறத் துண்டும் சேர்ந்து உள்ளே போகும். “சூட்டில கிருமி செத்துப்போம்” என்று எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது. சாகாது. அந்தச் சறத் துண்டுதான் மூன்றாம் நாள் சீழ்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஐயா யோசித்தார். காலில் சுட்டாலும் சாவான். காலோ ஒல்லி, ஓடுகிற ஆளில் ஒரு நிலையில் நில்லாமல் அசைகிற இடமும் அதுதான். தவறுகிற வாய்ப்புக் கூட. அப்படியென்றால் அகலமான இடத்தில் சுடுவதுதானே புத்தி? “அப்ப நெஞ்சிலதான் எண்டுறியளோ, மிஸ்ஸி?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை ஐயா” என்றேன். “நான் இரத்தத்தை மறிக்கச் சொல்லிக்குடுக்க வந்தனான்.” எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த படத்துக்குப் போனேன்.

அந்தச் சிரிப்புக்குள் நான் ஒளிந்துகொண்டேன் என்று சில நாள் தோன்றுகிறது. வேறு நாட்களில், ஒரு தாதி எப்படிச் சுடுவதென்று சொல்லிக்கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று தோன்றுகிறது. சுடப் பழக்க அவர்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நல்ல பதில் பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. நெஞ்சும் நிறுத்தாது என்று சொல்லியிருக்கலாம். இதயமே கிழிந்தாலும் மூளையில் மிஞ்சிய ஒட்சிசனோடு ஓர் ஆள் பத்துப் பதினைந்து வினாடி நினைவோடு இயங்கலாம். 1986 ஏப்ரல் 11ஆம் திகதி மயாமியில் நடந்த சண்டையில், நெஞ்சுக்குள் உயிர்போகக்கூடிய காயம் பட்ட பிறகும் ஒருவர் தொடர்ந்து சுட்டார், எப்.பி.ஐ அதிகாரிகள் இரண்டு பேர் அங்கே இறந்தார்கள். வெடி பட்டவர் பின்னால் பறந்துபோய் விழுவது படத்தில் மட்டும். கணக்குப் பார்க்கலாம்: 32 கிராம் ஈயம், வினாடிக்கு 400 மீற்றர் வேகம். அது முழுவதும் 70 கிலோ ஆளுக்குள் நின்றாலும் அவருக்குக் கிடைக்கிற தள்ளு வினாடிக்கு 20 சென்ரிமீற்றர்கூட இல்லை. சந்தைச் சனத்துக்குள் அதைவிடக் கூட இடிபடுகிறோம். தள்ளி விழுத்துகிற விசை இருந்தால் சுட்டவரின் தோளையும் அது அதேயளவு தள்ளி விழுத்தியிருக்க வேணும். சுடப்பட்டவர் விழுவது இரத்தம் குறைவதாலோ, நரம்பு அறுவதாலோ, எலும்பு முறிவதாலோ, “எனக்கு வெடி பட்டிட்டுது” என்று மனம் உடைவதாலோதான். இதில் கடைசிக் காரணத்தை ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லேலாது.

இதைச் சொல்லியிருந்தால் ஐயா என்ன கேட்டிருப்பார் என்பதும் பஸ்ஸிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. “அப்ப ரெண்டு வெடியோ, மிஸ்ஸி?”

பொய் நம்பிக்கை ஒன்றை உடைத்தால் அந்த இடத்தில் நல்லது வந்து உட்காரும் என்று நினைத்திருந்தேன். இந்த விசயத்தில் அப்படி நடக்கவில்லை. காலில் சுட்டால் சாகான் என்ற பொய் ஒருவேளை ஒரு துவக்கின் முனையைக் கீழே தாழ்த்தி வைத்திருந்திருக்கும். நான் அதை நிமிர்த்திவிட்டேனோ? இல்லை, அதே பொய்தான் சும்மா மிரட்டப் போகிற இடத்திலும் விசையை இழுக்கத் துணிவு கொடுக்கிறது. “காலிலதானே” என்று இழுப்பவன், நெஞ்சு என்றால் கை நடுங்கி நின்றிருப்பான். இரண்டில் எது நடக்கும் என்பது ஆளைப் பொறுத்தது. அந்த ஐயாவை எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இதே போல ஒன்று நடந்திருக்கிறது. சோல்ற் லேக் சிற்றிப் பொலிஸில் பயிற்சியாளராக இருந்த டெனிஸ் ரூலர் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவருகிறவர் 21 அடியை, அதாவது ஆறரை மீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை, ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார். உறையிலிருந்து கைத்துவக்கை எடுத்துச் சுட்டு முடிக்கவும் அவ்வளவு நேரம் போய்விடும் என்பதுதான் விசயம். ஆபத்து எவ்வளவு தூரத்திலேயே தொடங்குகிறது, ஆகவே முந்தியே விலகு, மறைவு தேடு என்பதற்கான எச்சரிக்கை அது. சனம் அதை “21 அடி விதி” ஆக்கி, அந்தத் தூரத்துக்குள் கத்தியோடு நின்றால் சுடலாம் என்று படித்தது. எங்களுக்கும் அந்த அளவு தேவைதான். வாள்வெட்டுக்கு வருகிறவன் படலையடியில் நிற்கும்போது, விறாந்தையில் நிற்பவருக்கு மிஞ்சியிருப்பது அதே ஒன்றரை வினாடி. அலுமாரிக்குள் பூட்டியிருக்கிற துவக்கு அந்தக் கணக்கிலேயே வராது. பூட்டாமல் வைத்தால் பிள்ளைகள் கணக்குக்குள் வந்துவிடுவார்கள். அமெரிக்காவில் 1993இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, துவக்கு இருந்த வீடுகளில் கொலை நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு என்று கண்டது. அதைக் குறைசொன்னவர்களும் இருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களைக் கொன்றது வீட்டு ஆளோ தெரிந்த ஆளோ என்பதையும் அதே ஆய்வு சொன்னது. எங்கள் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அனுமதியை வருசா வருசம் புதுப்பிக்க வேணும். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கெனக் கொடுத்த துவக்குகளையே திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்தில் துவக்கைப் பற்றி வகுப்பெடுப்பது இலேசு இல்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட யாரும் தனக்குத் தெரியாதென்று சொல்லமாட்டார். ஏகே எது, ஐம்பது கலிபர் எது, ஷெல் குத்துகிற சத்தமா விழுகிற சத்தமா என்று காதாலேயே பிரித்த சனம். ஆனால் நாங்கள் அறிந்ததெல்லாம் சன்னம் வந்து சேருகிற முனையைத்தான். மறைவுக்கும் காப்புக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை: கிடுகு வேலியும் தகரமும் பலகைக் கதவும் ஆளை மறைக்கும், சன்னத்தை மறிக்காது, மறித்தது பனங்குற்றியும் மண்மூட்டையும். அதே ஆட்கள்தான் வங்கிக்குள் வந்ததும் பலகை மேசைக்குப் பின்னால் குனிந்தால் போதும் என்கிறார்கள். “முதல் ஒண்டு வெருட்ட மேல வைப்பன்” என்கிறார்கள். மேலே மாடியில் கந்தோர் இருக்கிறது. இரட்டைக் குழல் என்றால் கையிலிருந்த இரண்டில் ஒன்று போயிற்று. வெளியில் றைபிளால் வைத்த மேல்வெடியும் எங்கேயோ இறங்கத்தான் வேணும். நெட்டுக்குப் போய்த் திரும்பி விழுகிற சன்னமே வினாடிக்கு 90 மீற்றர் அளவில் வரும், தோலைக் கிழிக்க அது தாராளம். சரித்துச் சுட்டது இன்னும் வேகமாக வரும். அஸ்பெஸ்ரஸ் கூரையில் ஓட்டை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியிருந்தது.

அந்த ஐயாவுக்கு நான் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தாதிக்குரிய எல்லைக்குள்ளேதான் அதுவும் இருந்தது. வங்கிக்குள் வாளோடு ஒருத்தன் வந்தால் சனம் என்ன செய்யும்? நிலத்தில் படுக்கும். எங்களுக்கு அது பழக்கம். யாரும் சொல்லத் தேவையில்லை, குப்புறப் படுத்துவிடுவோம். காலுக்குக் குறி வைத்துத் தவறிய சன்னம் தரை ஓட்டில் பட்டால் பந்து மாதிரி எழும்பாது. பெரும்பாலும் பட்ட கோணத்தைவிடத் தாழ்ந்த கோணத்தில், தரையைத் தடவிக்கொண்டே போகும். அந்த உயரத்தில்தான் படுத்திருக்கிறவர்களின் தலைகள் இருக்கும். இதைச் சொல்லியிருந்தால் அவர் மறுபடி நெஞ்சுக்குப் போயிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்திருப்பார். மணியை அமத்துவது, 119க்கு எடுப்பது, முகத்தையும் நடையையும் மோட்டார் சைக்கிள் இலக்கத்தையும் மனதில் வைப்பது, காசை விடுவது என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம். திரும்பாமலும் போயிருக்கலாம். வகுப்பில் இருந்தபோது எனக்கு இது தெரியாமலில்லை. நாவில் வரவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒருத்தர் கேட்டார். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைச் சொல்கின்றன. கால் என்றால் ஒரு கணக்கு, நெஞ்சு என்றால் ஒரு கணக்கு என்று அங்கே இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்ய இடமில்லை, உடம்புக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருக்கும் வரைதான் உடம்பைக் காக்கும் உரிமை. நீதிமன்றம் சுட்டது எந்த இடம் என்பதற்கு முன்னால் ஏன் சுட்டாய் என்றுதான் கேட்கும். இவ்வளவும் சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள் என்றேன்.

பிறகு இரத்தத்தை மறிக்கிற இறுக்கக் கட்டுப் பழக்கினேன். காயத்துக்கு மேலே இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, முழங்கால் மூட்டின்மேல் போடாமல். துணி இரண்டு அங்குல அகலமாவது வேணும். கயிறும் சைக்கிள் ரியூப் கீலமும் தோலை வெட்டுமே தவிர நாடியை அமத்தாது. கட்டுக்குள் செருகி முறுக்கப் பேனையைப் போட்டால் பேனைதான் முறியும். கரண்டிக் காம்பு, தடித்த தடி நல்லது. இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேணும். அவர் குளறுவார். குளறுகிறார் என்று தளர்த்தக்கூடாது. நேரத்தை எழுதி வைக்க வேணும். இடைக்கிடை தளர்த்தி விடுவது பழைய காலத்துப் பிழை, ஒவ்வொரு தளர்த்தலிலும் இருக்கிற இரத்தமும் போகும். இரண்டு மணித்தியாலம் வரை பெரும்பாலும் காலுக்குச் சேதமில்லை. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தால் அதற்குள் ஆஸ்பத்திரி. கவட்டில் பட்டால் கட்டப் போட இடமில்லை. சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து, எட்டிப் பார்க்காமல் பத்து நிமிடம் உடம்புப் பாரத்தோடு அமத்த வேணும். சன்னத்தைத் தோண்டி எடுக்கப் போகக்கூடாது. எடுக்காமல் முப்பது வருசம் சன்னத்தோடு திரிகிறவர்கள் எங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். மூட்டுக்குள் நின்றால் ஈயம் கரைந்து நஞ்சாகலாம், அப்படியானதை வைத்தியர் எடுப்பார். ஷெல் துண்டு உள்ளே இருந்தால் எம்.ஆர்.ஐ அறைக்குப் போகமுதல் சொல்ல வேணும், அது இரும்பு.

இருந்தவர்களுக்குள் திறமாகக் கட்டியது அந்த ஐயாதான். பக்கத்துத் தம்பியின் தொடையில் கட்டி, முறுக்கி, நேரத்தைப் பேனையால் அவன் நெற்றியிலேயே எழுதினார். பாராட்டினேன். எதற்குப் பாராட்டினேன் என்று அவருக்கும் விளங்கியிருக்கும்.

அடுத்த மாதம் இன்னொரு குழுவுக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கால் படத்தை எடுத்துவிட்டேன், பிறகு திருப்பிப் போட்டேன், தரையில் தவழுகிற சன்னத்தையும் கீறிச் சேர்த்தேன். கேள்வி நேரத்தை அரை மணித்தியாலத்திலிருந்து பத்து நிமிடமாகக் குறைத்திருக்கிறேன். ஏனென்று கேட்டால் கட்டுப் பழக நேரம் காணாது என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான்.