கலர் அல்ல, பை போகும் இடம்

தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் பொறுப்பை என் தலையில் கட்டியபோது, கூடவே மருத்துவக் கழிவும் வந்து சேர்ந்தது. ஆய்வுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். எல்லா வார்டிலும் கலர் கலராகத் தொட்டிகள், சுவரில் போஸ்டர். எந்தக் கழிவு எந்தக் கலருக்கு என்று சொல்லும் 2016 மருத்துவக் கழிவு விதிகளைக் கேட்டால் ஆளாளுக்கு ஒப்பிப்பார்கள். தொட்டியைத் திறந்தால்தான் தெரியும்: மஞ்சளில் சலைன் டியூப், சிவப்பில் ரத்தப் பஞ்சு, இரண்டிலும் இட்லிப் பொட்டலம்.

ஒரே ஒரு ஊசி போட்டுப் பாருங்கள். பேப்பர் உறை சாதாரணக் குப்பைக்கு, உடைத்த ஆம்பியூல் (மருந்துக் கண்ணாடிக் குப்பி) நீலத்துக்கு, நிடில், குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கு, சிரிஞ்ச் சிவப்புக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு. இரவு டூட்டியில் வார்டு முழுக்க ஓடும் சிஸ்டருக்கு வெறும் கலர் எப்படி நினைவில் நிற்கும்?

வழி சொன்னவர் ஹவுஸ்கீப்பிங் அக்கா. "பை எங்க போகுதுன்னு சொல்லுங்க சிஸ்டர், கலர் தானா மனசுல நிக்கும்." ஊழியர்களுக்கு எடுக்கும் வகுப்பையே அப்படி மாற்றினேன். மஞ்சள் எரிக்கப் போகிறது. சிவப்பு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கருவியில்) கிருமி நீங்கி, அரைபட்டு, மறுசுழற்சிக்குப் போகிறது. பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த டியூப் மஞ்சளில் விழுந்தால் எரியும்போது டயாக்சின் என்ற நச்சு வரும். இதைக் கேட்ட பிறகு டியூப் மஞ்சள் பக்கம் போவது வெகுவாகக் குறைந்தது.

டாக்டர்கள்தான் பாடாய்ப் படுத்தினார்கள். டிரேயை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நிடில் பஞ்சுக்குள் கிடக்கும், குத்துவது அக்காவின் கையில். சொல்லிப் பார்த்து அலுத்து, வெள்ளை டப்பாவை டிராலியிலேயே வைத்தோம். அதற்குத்தான் பலன் இருந்தது. நிடில் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே தகவல் சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை சீக்கிரம், 72 மணி நேரம் தாண்டாமல் தொடங்க வேண்டும். ஒப்பந்த ஊழியர்களுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வைக்க நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியது தனிக்கதை.

ஆய்வுக்கு வந்தவர் பார்கோடு, பதிவேடு, எந்தப் பையாவது 48 மணி நேரத்துக்கு மேல் தேங்கியதா என்று துருவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்தது கழிவுக் கணக்கின் ஆண்டறிக்கை, ஜூன் 30-க்குள் கொடுத்தாக வேண்டும். தினமும் கலர்வாரியாக எடை எழுதி வைத்திருந்தால் கூட்டிப் போடுவதோடு வேலை முடிந்தது.