எம்மாவின் கோபம்

'விடா' (Vida) என்ற அமெரிக்கத் தொடரை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். 2018 முதல் 2020 வரை ஸ்டார்ஸ் தொலைக்காட்சியில் வந்தது, மொத்தம் 22 பகுதிகள். தாயை அடக்கம் செய்ய லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸுக்குத் திரும்பும் சகோதரிகள் எம்மாவும் லின்னும் அங்கே வந்த பிறகுதான் அறிகிறார்கள்: அம்மாவோடு வாழ்ந்த எடி வெறும் தோழி அல்ல, மனைவி.

லின் சீக்கிரம் மனம் இளகுகிறாள். எம்மாவால் முடியவில்லை. பெண்ணை விரும்பினாள் என்பதற்காகத்தானே சிறுவயதில் இதே அம்மா அவளை வீட்டைவிட்டு அனுப்பினாள்! துக்கமும் ஆத்திரமும் ஒன்றாகத் தொண்டையை அடைக்கும் அந்த நிலையை இவ்வளவு நேர்மையாக நான் வேறெங்கும் கண்டதில்லை. தொடர் அவளை மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்துவதே இல்லை.

எடியாக நடித்த செர் அன்சோட்டெகி, ஆண், பெண் என்ற இரண்டுக்குள் தன்னை அடக்கிக்கொள்ளாதவர். மருத்துவமனைக் காட்சியில் அவர் முகத்தைப் பாருங்கள். தொடரை உருவாக்கிய டான்யா சராச்சோ மெக்சிகோவில் பிறந்தவர். எழுத்தாளர் குழு முழுவதும் லத்தீன் அமெரிக்க வேர்கள் கொண்டவர்கள். அதனால்தான் ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும்போது யாரும் நின்று விளக்குவதில்லை.

மூன்றே பருவங்களோடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.