பதினொரு மணிப் பொங்கல்

மயிலாப்பூர் மாட வீதிகளுக்குப் பின்னால், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள அந்த மெஸ்ஸில் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறேன் என்பதால், கடந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்ததை எழுதச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த சித்தப்பாவிடம் முதல் நாள் இரவே அந்த மெஸ்ஸின் பொங்கலை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவைத்திருந்தேன். மறுநாள் கபாலீசுவரர் கோவிலில் தரிசனம் முடிந்து வெளியே வரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. காலைப் பலகாரத்தையும் மதியச் சாப்பாட்டையும் ஒரே வேளையாகச் சுருக்கிக்கொள்வதை ஆங்கிலத்தில் 'பிரன்ச்' என்கிறார்கள். சனிக்கிழமை இரவு கூத்தடித்துவிட்டுத் தாமதமாக எழுபவர்களுக்காக 1895-இல் கை பெரிஞ்சர் என்பவர் வாதாடி எழுதிய கட்டுரையில் அந்தச் சொல் இடம்பெற்றது. எங்களுடையது சாமி கும்பிட்டதால் வந்த தாமதம். பசி என்னவோ அதே பசிதான்.

வாசலில் இருந்த நோட்டில் பெயரை எழுதிவிட்டு நாற்பது நிமிடம் நின்றோம். பிறகு உள்ளே விட்டார்கள். அங்கும் உட்கார இடமில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் நாற்காலிகளுக்குப் பின்னால், அவர்கள் காபிக்கு வந்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தபடி நிற்க வேண்டியிருந்தது. எழுபது வயதுக்காரரை அப்படி நிற்கவைத்ததற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வந்த பொங்கல், கரண்டியின் வடிவம் கலையாமல் தட்டில் அப்படியே நின்றது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து வெந்த பிறகும், ஆற ஆற நீரை உறிஞ்சி இறுகிக்கொண்டே போகும் என்பது வீட்டில் பொங்கல் செய்பவர் எவருக்கும் தெரியும். அதனால்தான் பரிமாறும் முன் கொதிநீரும் நெய்யும் விட்டுக் கிளறி இளக்குகிறார்கள். இங்கே அதிகாலையில் இறக்கிய பாத்திரத்தை அப்படியே பதினொரு மணி வரை இழுத்திருக்கிறார்கள் என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. மிளகு எல்லாம் அடியில் தங்கிப்போய், என் பங்கில் ஏழெட்டு மிளகும் சித்தப்பாவின் பங்கில் ஒன்றுமில்லாமலும் வந்திருந்தன. வடை எப்போதோ பொரித்தெடுத்துக் குவித்துவைத்தது. மொறுமொறுப்பு போய்த் தொய்ந்திருந்தது, பிட்டால் விரலெல்லாம் எண்ணெய். சாம்பாரில் வெந்நீர் விட்டுப் பெருக்கியிருந்தார்கள்.

"சட்னி முடிஞ்சிடுச்சு சார், இன்னும் கொஞ்சம் சாம்பார் விடட்டுமா?" என்றார் பரிமாறியவர். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஒரே ஆளாக ஆறு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காபியைப் பற்றிச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன், ஆனால் கும்பகோணத்துக்காரரின் முன்னால் அதை வைத்தார்களே! முதல் டிகாக்‌ஷனை வடித்த அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். நிறம் இருந்தது, மணம் இல்லை. சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டபராவை மெல்ல நகர்த்திவைத்தார். "நீ சொன்ன பொங்கல் எப்பொடா வரும்?" என்று மட்டும் கேட்டார். 5 சதவீத ஜிஎஸ்டியோடு வந்த பில்லுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு எழுந்தோம்.

ஒரு மெஸ்ஸில் பண்டம் தீர்ந்துபோவது குறையே அல்ல. தீர்ந்துபோனதைச் சொல்லாமல் மிச்சத்தை நீட்டிப் பரிமாறுவதுதான் குறை. முன்பெல்லாம் இதே கடையில் ஒன்பதரை மணிக்கு மேல் பொங்கல் கேட்டால் கல்லாவில் இருப்பவரே "ஆயிடுச்சு, நாளைக்கு வாங்க" என்று கூசாமல் சொல்லி அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பெருகிய பிறகு பலகார நேரத்தைப் பதினொன்றரை வரை நீட்டியவர்கள், அதற்கு ஈடாக இரண்டாவது பாத்திரம் ஒன்றை அடுப்பில் ஏற்றவில்லை. மதியச் சாப்பாட்டுக்கான சாதமும் குழம்பும் அதே அடுப்புகளில் வேகும் நேரம் அது என்பதும் எனக்குப் புரிகிறது. அப்படியானால் நோட்டை மூடிவைத்திருக்கலாமே.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நான் மட்டும் போனேன். பொங்கல் இலையில் தளர்ந்து பரவியது, நெய் மினுங்கியது, சட்னி இரண்டு முறை வந்தது. அன்று மாலை சித்தப்பாவிடம் தொலைபேசியில் அதைச் சொன்னபோது, "சரி, ஊர்ல மழை உண்டா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.