தண்ணீர் கலந்த ரெசினை அளக்கப் போய்ப் பட்ட பாடு

முதுநிலை ஆய்வில் பல் ஒட்டுரெசினைப் பற்றி எனக்கு வாய்த்த வேலை, கேட்பதற்கு மிக எளியது. பிஸ்-ஜிஎம்ஏ, ஹெமா ஆகிய இரு மோனோமர்களை, அதாவது ஒன்றோடொன்று இணைந்து ரெசினாக இறுகும் சிறு மூலக்கூறுகளைப் பல விகிதங்களில் கலந்து, ஈரமான டென்டினில் (எனாமலுக்கு அடியில் உள்ள பல் திசுவில்) நேர்வதைப் போலத் தண்ணீரும் சேர்த்து, நீல ஒளியில் இறுகவைத்து, கார்பன் இரட்டைப் பிணைப்புகளில் எத்தனை சதவீதம் ஒற்றைப் பிணைப்பாக மாறின என்பதை அகச்சிவப்பு நிறமாலைமானியில் அளக்க வேண்டும். தண்ணீர் சேராத கலவைகள் இரண்டே நாளில் முடிந்தன.

முதல் அடி கருவியறையில் விழுந்தது. சாம்பிளைத் தடவி அளக்க அங்கே கொடுக்கப்பட்டவை சோடியம் குளோரைடு சாளரங்கள், அதாவது மெருகிட்ட உப்புத் தகடுகள். தண்ணீர் கலந்த ரெசினை உப்பின்மேல் தடவினால் என்ன ஆகும் என்பது எனக்கும் உறைக்கவில்லை, எடுத்துக் கொடுத்தவரும் சொல்லவில்லை. பளபளப்பாக இருந்த பரப்பு மூச்சுக்காற்று பட்ட கண்ணாடியைப் போல மங்கிப்போயிற்று. சாம்பிளில் தண்ணீர் உண்டு என்பதைப் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று பொறுப்பாளர் கடிந்துகொண்டார். அந்தப் படிவத்தில் அப்படியொரு கட்டமே கிடையாது. அடுத்த முறை கிடைக்க மூன்று வாரம் ஆனது.

இந்தத் தடவை வைரப் படிகம் பொருத்திய ஏடிஆர் இணைப்பை, அதாவது சாம்பிளைப் படிகத்தின்மேல் வைத்து அடியிலிருந்து அளக்கும் துணைக்கருவியைக் கேட்டு வாங்கினேன். அளவுகள் வந்தன, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரே கலவை ஒரு நாள் மிகக் குறைவாக இறுகியதாகவும், மறுநாள் தண்ணீர் இல்லாததைவிட நன்றாக இறுகியதாகவும் காட்டியது. இரட்டைப் பிணைப்பின் முகடு அலை எண் 1637-இல் வரும். தண்ணீரின் முகடும் ஏறக்குறைய 1640-இல் அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் அப்படியே இருந்தால் மாற்றம் குறைந்ததாகத் தோன்றும். அளக்கும் நேரத்தில் ஆவியாகிவிட்டால் கூடியதாகத் தோன்றும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சாதாரணத் தண்ணீருக்குப் பதில், கன ஹைட்ரஜன் கொண்டதால் முகடு வேறிடத்தில் விழும் கனநீரைக் கலந்து, மேலே பாலியெஸ்டர் தாளை மூடி அளந்தபோதுதான் முகடுகள் தனித்தனியே பிரிந்தன. அந்தத் தாள், இறுகுவதைக் கெடுக்கும் ஆக்சிஜனையும் தடுக்கிறது என்பதால் அதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

இனி எல்லாம் சரி என்று நினைத்த வேளையில்தான் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. எடையில் 45 சதவீதம் ஹெமாவும் 55 சதவீதம் பிஸ்-ஜிஎம்ஏவும் கொண்ட கலவையில் 16 சதவீதம் கனநீர் சேர்த்ததும் அது பால்போலக் கலங்கியது. ஆயினும் அளவு நன்றாகவே வந்ததால் மகிழ்ச்சியோடு வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். அவர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. இறுகிய துண்டின் மேற்புறத்தை ஆய்வு ஊசியால் கீறினார். ஊசி முனையில் வழவழப்பான கூழ் ஒட்டிக்கொண்டு வந்தது. ஏடிஆர் பார்ப்பது படிகத்தைத் தொடும் ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழத்தை மட்டுமே. கனமான பிஸ்-ஜிஎம்ஏ அடியில் தங்கி நன்றாக இறுகியிருந்தது. ஹெமாவும் நீரும் மிகுந்த பகுதி மேலே இறுகாமல் நின்றிருந்தது.

கலங்கிய கலவையை மையவிலக்கியில் சுழற்றியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கீழ் அடுக்கு மஞ்சள், மேல் அடுக்கு கிட்டத்தட்ட நிறமற்றது. மஞ்சள் நிறம் தருவது கேம்பர்குவினோன். 470 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்கிவைக்கும் அதுவும், அதற்குத் துணையாக உடன் சேர்த்திருந்த அமீனும் நீரை விரும்பாதவை என்பதால் இரண்டும் பிஸ்-ஜிஎம்ஏவோடு போய்விட்டன. தொடக்கிவைக்க ஆளில்லாத மேல் அடுக்கின்மீது எத்தனை விநாடி விளக்கைப் பிடித்தாலும் பயனில்லை.

ஆகவே இறுகவைப்பதற்கு முன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கலங்கியிருந்தால் ஒரே அளவை நம்பாமல் மேலும் கீழும் தனித்தனியே அளந்துவிடுங்கள். ஹெமாவைக் கூட்டினால் கலங்கல் தெளியும், மாற்ற சதவீதமும் உயரும்; ஆனால் ஹெமாவுக்கு ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு என்பதால் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்கிணைப்பு குறைந்து, இறுகிய ரெசின் நீரை உறிஞ்சி ஊதும். அந்தத் தெளிவைக் கண்டு நான் ஒரு வாரம் ஏமாந்திருந்தேன்.

கடைசியில் கைகொடுத்தது, வினையைத் தொடங்க உதவுவதும் நீர்ப்பகுதியிலும் ஓரளவு தங்கக்கூடியதுமான டைஃபீனைல் அயோடோனியம் உப்பு. அதைச் சிறிதளவு சேர்த்து, அதே கலங்கிய கலவையை 40 விநாடி ஒளியில் வைத்து, மேற்புறத்தை நானே ஊசியால் கீறினேன். முனை சுத்தமாக வந்தது.