கூரைக்கு இன்னும் எத்தனை வருடம்?

எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொருளாளர் பதவி எனக்கு வந்ததற்கு ஒரே காரணம், அந்த வருடப் பொதுக்கூட்டத்துக்கு நான் போகாததுதான். வந்திருந்த பதினோரு பேரும் சேர்ந்து வராத ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டார்கள். மறுநாள் மின்னஞ்சல் வந்தது: ‘உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?’ வெட்கத்தில் இல்லை என்று எழுதிவிட்டேன்.

கலிஃபோர்னியாவில், சேக்ரமென்டோவை ஒட்டிய புறநகர் ஒன்றில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. 1999-இல் கட்டியது. நான்கு நான்காக ஒட்டிய டவுன்ஹவுஸ்கள், ஒன்பது கட்டடங்கள், ஆக 36 வீடுகள். சுவருக்கு உள்ளே இருப்பதெல்லாம் அவரவர் பாடு. கூரை, வெளிப்பூச்சு, உள்தெரு, வேலி, விளக்குக் கம்பம், தபால் பெட்டி எல்லாம் சங்கத்தின் பாடு. இதற்காக வீட்டுக்கு மாதம் 285 டாலர் கட்டிக்கொண்டிருந்தோம். அதில் சுமார் 70 டாலர், என்றாவது வரப்போகும் பெரிய செலவுகளுக்காகத் தனிக் கணக்கில் சேரும். நல்லவேளை, நீச்சல்குளம் இல்லை.

மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு இதைத் தொலைபேசியில் விளக்கியபோது சட்டென்று பிடித்துக்கொண்டார். “சிறுவாடு மாதிரியா?”

“ஆமாம்மா. ஆனா எவ்வளவு இருக்குன்னு வருஷா வருஷம் எல்லாருக்கும் எழுதித் தெரிவிக்கணும்.”

“அப்ப அது சிறுவாடே இல்லடி. சம்பளம் ஏதாவது உண்டா உனக்கு?”

இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

பதவியேற்று பெட்டியைத் திறந்தால், கடைசி ரிசர்வ் ஸ்டடி, அதாவது அந்தப் பெரிய செலவுகளுக்கான ஆய்வு, 2016 தேதியிட்டிருந்தது. இத்தகைய சங்கங்களுக்கான கலிஃபோர்னியாவின் டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டப்படி எங்களைப் போன்ற சங்கம் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது பொதுச் சொத்துகளை நேரில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆயுள் மிச்சம், மாற்ற எவ்வளவு ஆகும், அதற்கு மாதாமாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்கெடுத்தாக வேண்டும். இடைப்பட்ட வருடங்களில் அந்தக் கணக்கை மறுபார்வை பார்க்க வேண்டும். இரண்டையும் நாங்கள் செய்திருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

2021 ஜூன் 24-க்குப் பிறகு கேட்க ஆரம்பித்தார்கள். அன்று அதிகாலையில் ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் பெரிய பகுதி ஒன்று சரிந்து 98 பேர் இறந்தார்கள். அதை ரிசர்வ் பணம் இல்லாத குறை என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. வடிவமைப்பு, நீர்க்கசிவு, கம்பியின் துரு என்று நிறைய இருக்கிறது. ஆனால் அங்கிருந்த உரிமையாளர்கள், பழுதுபார்க்க ஒன்றரைக் கோடி டாலர் திரட்டுவது பற்றி மாதக்கணக்கில் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தியைப் படித்ததும், எங்கள் இரண்டு மாடிக் குடியிருப்பிலேயே ஆளாளுக்கு ‘நம்மிடம் எவ்வளவு இருக்கிறது?’ என்று விசாரித்தார்கள். என்னிடம் இருந்தது வங்கிக் கணக்கின் தொகை மட்டும்: 161,000 டாலர். அது நிறையவா குறைவா என்று எனக்கே தெரியாது.

தொழில்முறை ஆய்வுக்கு ஒரு நிறுவனம் கேட்ட தொகையைப் பார்த்து நிர்வாகக் குழு பெருமூச்சு விட்டது. பக்கத்து மாநிலமான நெவாடாவில் இதற்கென்று பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் அப்படி நிபந்தனை இல்லை. அதனால் நாமே செய்வோம் என்று முடிவானது. ‘நாமே’ என்றால் யார் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

(ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களிடம் மரத் தாங்கிகளில் நிற்கும் உயரமான பால்கனிகள் கிடையாது. 2015-இல் பெர்க்லியில் பால்கனி முறிந்து ஆறு மாணவர்கள் இறந்த பிறகு வந்த சட்டப்படி, உரிமையாளர் சங்கம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அத்தகைய பால்கனிகளை உரிமம் பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோதான் சோதிக்கலாம். அந்த வேலை இருந்திருந்தால் நான் கையை வைத்திருக்கவே மாட்டேன்.)

என் பிழைப்பு மென்பொருள் சோதனை. எதையும் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பது பழகிய வேலைதான் என்று தைரியமாக இறங்கினேன். முதல் அடி அங்கேயே விழுந்தது. எது எங்கள் சொத்து என்ற பட்டியலே யாரிடமும் சரியாக இல்லை. சங்கத்தின் மூல ஆவணத்தை, எழுபது சொச்சம் பக்கம், ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மரவேலியை உரிமையாளர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருபது வருடமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஆவணத்தில் அது சங்கத்தின் பொறுப்பு என்று தெளிவாக இருந்தது. 1,100 அடி வேலி. பழைய ஆய்வில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த வேலியைச் சொந்தக் காசில் மாற்றியிருந்த இரண்டு வீட்டுக்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து இரண்டு வாரம் ஓட்டினேன். கடைசியில் தலைவரைச் சொல்ல வைத்தேன்.

அளக்கும் வேலை ஆனந்தமாக இருந்தது. மூன்றாவது கட்டடத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். பள்ளிப் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தரையில் உருட்டிக்கொண்டே போனால் தூரம் காட்டும் சக்கரம் ஒன்று அவரிடம் இருந்தது. 2022 வசந்தத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை காலைகள் அவர் சக்கரம் உருட்ட, நான் குறித்துக்கொள்ள, தெருவை அளந்தோம். 28,000 சதுர அடி தார். விளக்குக் கம்பங்களின் அடியில் காலணி நுனியால் தட்டி, துரு உதிர்கிறதா என்று பார்ப்பார். வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டுவார். “மேலே எப்படியிருந்தாலும் பரவாயில்லை, மண்ணைத் தொடும் இடத்தைப் பார்” என்பார். அவர் சொன்ன பிறகு எனக்கு எந்த வேலியைப் பார்த்தாலும் கண் கீழேதான் போகிறது.

விலைக்கு இணையத்தைத் தேடாதே என்பதும் அவர் யோசனைதான். பழைய ரசீதுகளை எடுத்தோம். தார் போடுபவர், பெயின்டர், கூரைக்காரர் என்று மூன்று பேரை அழைத்தோம். ‘இப்போது வேலை இல்லை, இரண்டு மூன்று வருடத்தில் வரும், இன்றைய விலை சொல்லுங்கள்’ என்று ஒளிக்காமல் கேட்டோம். மூவருமே சொன்னார்கள். பெயின்ட் கட்டடத்துக்கு 14,000. தெருவுக்கு மேல்தார் போட 84,000. விரிசலை அடைத்து, நான்கு வருடத்துக்கு ஒருமுறை சீல்கோட் என்ற மேல்பூச்சு அடித்துவந்தால் தெருவை 2029 வரை இழுக்கலாம் என்றார் தார்க்காரர்.

கூரைதான் பெரிய தலைவலி. சிறு சிறு தார்த்தகடுகளை அடுக்கிய ஷிங்கிள் கூரை, மொத்தம் 396 ஸ்கொயர். ஒரு ஸ்கொயர் என்றால் நூறு சதுர அடி. ஸ்கொயருக்கு 700 வீதம் 277,200 டாலர். ஆயுள் 25 வருடம் என்று பழைய ஆய்வு சொன்னது. வயது 23.

இந்த ஆய்வில் ‘இன்றைக்கு எவ்வளவு சேர்ந்திருக்க வேண்டும்’ என்று ஒரு தொகை உண்டு. எளிய கணக்குதான்: விலையை ஆயுளால் வகுத்து வயதால் பெருக்கினால் போதும். கூரைக்கு மட்டும் 255,024 வந்தது. எல்லாம் சேர்த்து சுமார் 474,000. கையில் 161,000. அதாவது 34 சதவீதம். இத்துறையில் 70-க்கு மேல் இருந்தால் தெம்பு, 30-க்குக் கீழே போனால் ஆபத்து என்பார்கள்.

இரவு பதினோரு மணிக்கு எக்செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரைக்கு மிச்ச ஆயுள் 2 என்று ஒரு கட்டம். அதை 8 ஆக்கினேன். சும்மா, என்ன ஆகிறது என்று பார்க்கத்தான். 34 சதவீதம் 38 ஆனது, அது பெரிதில்லை. ஆனால் கையில் இருப்பதை எல்லாம் கூரைக்கே கொடுத்தாலும் இன்னும் 116,200 குறைகிறது. அதை இரண்டு வருடத்தில் திரட்ட வீட்டுக்கு மாதம் 134 டாலர் கூடுதலாக வேண்டும். எட்டு வருடம் என்றால் 34 டாலர் போதும். ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஒரு எண். அதை மாற்றினால் கூட்டத்தில் என் மேல் யாரும் கோபப்பட மாட்டார்கள். கூரையைப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது, ஒழுகவில்லை. எட்டு வருடம் ஏன் இருக்காது?

சேமித்துவிட்டுப் படுத்தேன். அந்தக் கோப்பு மூன்று நாள் 8-உடனேயே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வேலையில் ஒரு சோதனை தோற்றால், எதிர்பார்க்கும் விடையைத் திருத்திவிட்டு ‘தேறியது’ என்று போடுபவர்களை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். நான் செய்ததும் அதேதான் என்று உறைக்க மூன்று நாள் ஆயிற்று. எட்டு வருடம் கழித்து அந்தக் கூரைக்குப் பணம் கட்டப்போகிறவர்களில் பாதிப் பேர் இன்று இங்கே குடியிருக்கவே இல்லை. 23 வருடம் அந்தக் கூரையின் கீழ் இருந்தவர்கள் நாங்கள். அதில் நான் மட்டும் பதினொன்று.

கூரைக்காரரை மறுபடி அழைத்தேன். இந்த முறை ஏணியோடு. நான் கீழேயே நின்றேன். பெரியவர் எழுபது வயதில் பாதி ஏணி ஏறிவிட்டு, கூரைக்காரர் போட்ட சத்தத்தில் இறங்கினார். மேலே போனவர் ஒரு துண்டை எடுத்துவந்து என் கையில் வைத்து மடக்கச் சொன்னார். அப்பளம் மாதிரி உடைந்தது. மேலே இருக்க வேண்டிய மணல் துகளெல்லாம் மழைநீர்க் குழாய் வாயில் குவிந்து கிடப்பதைக் காட்டினார். தெற்குச் சரிவுகள் முடிந்தன, இங்கத்து வெயில் அப்படி என்றார். வடக்குச் சரிவுகள் இன்னும் நான்கைந்து வருடம் தாங்கும். மர நிழல் விழும் மூன்று கட்டடங்கள் பரவாயில்லை.

ஆக ‘கூரை’ என்று ஒரே வரியாக எழுதியதே என் தவறு. ஒன்பது கட்டடத்துக்கும் ஒரே ஆயுள் இல்லை. அதை மூன்றாக உடைத்தேன்: 2024-இல் மூன்று, 2025-இல் மூன்று, 2026-இல் மூன்று. வருடத்துக்கு 92,400. அப்புறம் முப்பது வருட வரவு செலவை ஓட்டிப் பார்த்தால் 2026 சிவப்பில் வந்தது, ஏனென்றால் வெளிப்பூச்சும் அதே வருடம். பெயின்டரிடம் கேட்டேன். “கூரை வேலை முடியாமல் பெயின்ட் அடித்தால் ஏணி உரசியே பாழாகிவிடும், எப்படியும் பிறகுதான் அடிக்க வேண்டும்” என்று சிரித்தார். 2028-க்குத் தள்ளினேன். சிவப்பு போயிற்று.

மாதக் கட்டணத்தை ஒரே வருடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் உறுப்பினர் வாக்கெடுப்பு வேண்டும். 285-க்கு அந்த எல்லை 342. நிர்வாகக் குழு 340 என்று வைத்தது. அந்தக் கூட்டத்துக்குப் பதினோரு பேர் அல்ல, முப்பது பேர் வந்தார்கள். இதுவரை ஏற்றாமல் இருந்துவிட்டு ஒரே அடியாக ஏற்றுவதா என்று ஒருவர் கத்தினார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதனால் நான் வாதாடவில்லை. தேவைப்படும்போது ஒரே தடவையாக வசூலிக்கலாமே என்றார் இன்னொருவர். வாக்கெடுப்பு இல்லாமல் அப்படி வசூலிக்க அனுமதி பட்ஜெட்டில் 5 சதவீதம்தான். வீட்டுக்குச் சுமார் 170 டாலர். கூரைக்கு வீட்டுக்கு 7,700 வேண்டும். இரண்டு எண்ணையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். பிறகு, கொண்டுபோயிருந்த ஷிங்கிள் துண்டுகளைக் கையில் கொடுத்து மடக்கச் சொன்னேன். எண்ணைவிடத் துண்டுதான் வேலை செய்தது.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மறு வருடம் உள்தெருவின் அடியில் குடிநீர்க் குழாய் உடைந்து 11,000 டாலர் செலவு. அந்தக் குழாய் எங்கள் பட்டியலில் இல்லை. பார்வைக்கு எட்டும் இடங்களை ஆராய்ந்தால் போதும் என்பது சட்டம். மண்ணுக்கடியில் இருப்பது எங்கே தெரிகிறது? ஆனால் மூல ஆவணத்தின் பின்னிணைப்பில் வரைபடமாக அது இருந்தது. எழுபது பக்கம் படித்தவள் பின்னிணைப்பைப் புரட்டவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மண்ணைத் தோண்டிய பள்ளத்தின் ஓரமாகச் சக்கரத்தை உருட்டி, குழாயின் நீளத்தை அளந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பொருளாளர் வேலையை இப்போது வேறொருவர் பார்க்கிறார். எக்செல் கோப்போடு, எந்த எண் யார் சொன்னது, எது என் ஊகம் என்று தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எட்டு என்று போட்டிருந்த கதையையும் எழுதினேன்.

எங்கள் கட்டடம் மர நிழலில் இருக்கும் மூன்றில் ஒன்று. அதனால் 2026 வரிசையில் விழுந்தது. கடைசி வரிசை என்று முடிவுசெய்தது நானேதான். அதற்குப் பிறகு வந்த மழைக்காலங்களில், மாடியறையின் உட்கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன்.